கைமாறிய கலைகள் – 9: வெடியுப்பு வந்த வழி

கந்தகம் உலகத்துக்குப் பழைய பொருள். கரி அதைவிடப் பழையது. அடுப்பு மூட்டத் தெரிந்த எல்லா மனிதருக்கும் கரி தெரியும். எரிமலை உள்ள நாடுகளில் கந்தகத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சிவகாசியின் மருந்து அறைகளில் இந்த இரண்டோடு சேரும் மூன்றாவது பொருள்தான் வெகுதூரம் சுற்றி வந்தது. அது வெடியுப்பு. பள்ளிப் பாடத்தில் அதன் பெயர் பொட்டாசியம் நைட்ரேட்.

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் நாற்கரச் சாலையோரம் நின்றால் தெற்கே சாத்தூர், தென்மேற்கே சிவகாசி, அதற்கும் அப்பால் வெம்பக்கோட்டை. இந்த வட்டாரத்தில் பட்டாசு வேலைக்குப் போகாத வீடு உண்டு. போகிறவரைத் தெரியாத வீடு கிடையாது. ஆனாலும் இந்த மண்ணில் இந்தத் தொழிலுக்கு வயது நூறை ஒட்டித்தான். அதன் அடியில் இருக்கும் அறிவுக்கோ ஆயிரத்து இருநூறு வயது ஆகப்போகிறது. இடைப்பட்ட காலத்தில் அது யார் யார் கையில் இருந்தது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படிப் போனது என்பதை இந்தப் பகுதியில் பார்ப்போம்.

சென்ற பகுதியில் எண்களைப் பற்றிப் பேசினோம். இந்தியாவின் ஒன்பது எண் குறிகளை 662-இல் யூப்ரடீஸ் கரையில் இருந்த செவரஸ் செபோக்த் என்ற ஆயர் புகழ்ந்து எழுதினார். பிறகு பாக்தாதில் அல்குவாரிஸ்மி அவற்றுக்கென்றே நூல் செய்தார். எண்கள் ஏட்டில் ஏறிப் பயணம் போகும். எழுதிக் காட்டினால் போதும், படித்தவர் கணக்குப் போட்டுவிடுவார். வெடிமருந்து அப்படிப் பயணம் செய்யவில்லை. செய்முறையை எத்தனை தெளிவாக எழுதி வைத்தாலும், செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று காட்டாமல் அது வசப்படாது. எண்களின் பயணத்தில் நூல்களின் பெயர்கள் நிறைய வந்தன. இந்தப் பயணத்தில் பெயர் தெரியாத தொழிலாளிகள்தான் அதிகம்.

முதலில் வெடியுப்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கரியும் கந்தகமும் எரியக் காற்று வேண்டும். தாளுக்குள் வைத்து இறுக்கச் சுற்றினால் காற்றில்லாமல் அணைந்துவிடும். வெடியுப்பு தனக்குள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கிறது. சூடு பட்டதும் அதை விடுகிறது. அடைபட்ட இடத்திலும் எரிதல் நடக்கிறது, நொடிக்குள் வாயு பெருகுகிறது, தாள் கிழிகிறது. நூறு பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது பிற்காலத்தில் உலகெங்கும் நிலைத்த அளவு.

இந்தச் சேர்க்கையைக் கண்டவர்கள் சீனத்தின் தாவோ மார்க்கத்து ரசவாதிகள். அவர்கள் தேடியது சாகாமல் இருக்க ஒரு மருந்து. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு தாவோ நூலில், கந்தகத்தையும் மனோசிலையையும் வெடியுப்பையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கியவர்களுக்கு முகமும் கையும் வெந்து, இருந்த வீடும் எரிந்துபோனதாக ஒரு குறிப்பு வருகிறது. இதைச் செய்யாதீர்கள் என்பதற்காகவே அது எழுதப்பட்டிருக்கிறது. வெடிமருந்தைப் பற்றி உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று ஓர் எச்சரிக்கை. வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

எச்சரிக்கையை யாரும் கேட்கவில்லை. சீனத்தை ஆண்ட சோங் அரசு வடக்கே அடிக்கடி போரில் இருந்தது. 1044-இல் அரசாணையின் பேரில் தொகுக்கப்பட்ட ‘வூஜிங் சோங்யாவ்’ என்ற போர்க்கலை நூலில் வெடிமருந்துக்கு மூன்று கலவைகள் அளவோடு இருக்கின்றன. அவற்றில் வெடியுப்பின் பங்கு குறைவு. புகைந்து, சீறி, எரியும். முழு வேகத்தில் வெடிக்கும் மருந்துக்கு வர இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு நூற்றாண்டுகளில் நடந்த வேலையில் பெரும்பகுதி உப்பைச் சுத்தம் செய்வதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் வெடியுப்பு சுத்தமாகக் கிடைப்பதில்லை. மாட்டுத் தொழுவத்து மண்ணிலும் பழைய சுவர்களின் அடியிலும் கோடையில் வெள்ளையாகப் பூக்கும். சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் கிடைக்கும் நீரில் வெடியுப்பு மட்டும் இருக்காது. சமையல் உப்பும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்த உப்பும் கலந்திருக்கும். சுண்ணாம்பு சேர்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதில் செய்த மருந்து இரண்டு நாளில் நமுத்துப்போகும். அங்கேதான் விறகுச் சாம்பல் வருகிறது. சாம்பல் நீரைச் சேர்த்ததும் சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும், மேலே வெடியுப்பு நிற்கும்.

அடுத்தது கொதிக்கவைத்து ஆறவிடுவது. 100 மில்லி தண்ணீர், 20 டிகிரியில் 32 கிராம் அளவுக்கு வெடியுப்பைக் கரைக்கும். அதே தண்ணீர் கொதிக்கும்போது ஏறத்தாழ 245 கிராமைக் கரைத்துக்கொள்ளும். சமையல் உப்பு அப்படியில்லை. சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும். ஆகவே கொதித்த நீர் ஆற ஆற வெடியுப்பு மட்டும் ஊசி ஊசியாகப் பிரிந்து விழும், சமையல் உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். எத்தனை சாம்பல், எந்தப் பதத்தில் இறக்குவது, எத்தனை முறை மறுபடி கரைப்பது என்பதெல்லாம் கண்ணும் நாக்கும் விரலும் கற்றுக்கொண்ட விஷயங்கள். வேதியியல் இதற்கெல்லாம் காரணம் சொன்னது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

இந்தக் காலம் முழுவதும் தமிழ்நாட்டுக்குச் சீனம் தெரியாத தேசமாக இல்லை. சோழர்களின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவைக்குப் போயிருக்கின்றன. வூஜிங் சோங்யாவ் தொகுக்கப்படுவதற்குப் பதினோர் ஆண்டு முன்னால் ராஜேந்திர சோழனின் ஆட்கள் சீனத் தலைநகரில் நின்றிருக்கிறார்கள். 1267-ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகளோடு நாகப்பட்டினத்தில் ஒரு கோபுரம் இருந்ததை 1349-இல் வாங் தாயுவான் எழுதி வைத்தார். சீனத் துறைமுகமான குவான்ஜோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலே கட்டியிருந்தார்கள். நமக்குப் பக்கத்துக் கடற்கரையான பெரியபட்டினத்தில் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் குவிந்தன. 1985 வரை விருதுநகரும் பெரியபட்டினமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான்.

குவான்ஜோவில் குடியிருந்த தமிழ் வணிகர்கள் சீனப் புத்தாண்டு இரவுகளைப் பார்க்காமல் இருந்திருக்க வழியில்லை. பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டு வெடிக்கவிடும் பழக்கம் சீனத்தில் மிகப் பழையது; சோங் காலத்தில் மூங்கிலின் இடத்துக்குத் தாள் குழலும் மருந்தும் வந்துவிட்டன. நம்மவர்கள் பார்த்திருப்பார்கள், வியந்திருப்பார்கள், ஊருக்கு வந்து சொல்லியும் இருப்பார்கள். ஆனால் பார்ப்பது வேறு, செய்யக் கற்பது வேறு. வணிகர் மிளகு கொண்டுபோய்ப் பட்டு கொண்டுவருவார். தொழுவ மண்ணைக் கரைத்துக் காய்ச்சும் ஆளை அவர் கப்பலில் ஏற்றி வர வேண்டிய தேவை என்ன?

அப்படி ஆளையே பெயர்த்துக்கொண்டு போனவர்கள் மங்கோலியர்கள்.

1232-இல் கைஃபெங் நகரை அவர்கள் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த ஜின் படை இரும்புக் கூட்டில் மருந்து அடைத்த குண்டுகளை மேலிருந்து இறக்கி வெடிக்கவைத்தது. அடி வாங்கிய மங்கோலியர்கள் அந்தத் தொழிலாளிகளைக் கொல்லாமல் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1250-களில் மங்கோலியத் தலைவன் ஹுலாகு பாரசீகத்தை நோக்கிக் கிளம்பியபோது, கல்லெறி பொறிகளையும் எரிநெய்யையும் கையாளும் சீனத் தொழிலாளர் ஆயிரம் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். 1258-இல் பாக்தாத் விழுந்தது. அறிவைச் சேர்த்து வைத்திருந்த அந்த நகரத்தை அழித்த அதே ஹுலாகுதான் அடுத்த ஆண்டு மராகாவில் வானியல் அறிஞர் நசீருத்தீன் தூசிக்கு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தான். அங்கே பாரசீக அறிஞர்களோடு சீனத்து அறிஞரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அறிவு பரவிய வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. வணிகமும் மதமும் பயணிகளும் கொண்டுசேர்த்ததைப் போலவே சிறைபிடிப்பும் கொண்டுசேர்த்திருக்கிறது. ஊரையும் உறவையும் விட்டுப் பல்லாயிரம் மைல் நடத்திச் செல்லப்பட்ட அந்தக் குடும்பங்களில் ஒருவரின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

மேற்கு ஆசியாவில் நடந்ததைக் கவனித்தால் ஏடு கொண்டுவந்தது எது, கை கொண்டுவந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம். 1248-இல் டமாஸ்கஸில் இறந்த மருந்தியல் அறிஞர் இப்னு அல்பைதார், வெடியுப்பைச் ‘சீனப் பனி’ என்ற பெயரோடு தம் நூலில் சேர்த்திருக்கிறார். அதாவது ஹுலாகு வருவதற்கு முன்பே உப்பும் அது எங்கிருந்து வந்தது என்ற செய்தியும் வந்து சேர்ந்துவிட்டன. மருந்துக்கடைச் சரக்காக அது வந்தது. ஆனால் அதே சிரியாவில் ஒரு தலைமுறைக்குப் பிறகு, ஏறத்தாழ 1280-களில், ஹசன் அல்ரம்மாஹ் எழுதிய போர்க்கலை நூலைத் திறந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துக் கலவைகள் இருக்கின்றன. வாணங்களுக்கு மட்டும் இருபதுக்கு மேல். வெடியுப்பைச் சாம்பல் சேர்த்துக் காய்ச்சிச் சுத்தம் செய்யும் முறை படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. சீனப் பூ, சீன அம்பு என்று பல வாணங்களுக்குச் சீனத்தின் பெயர். தம் தந்தையும் முன்னோரும் தொழில் வல்லுநர்களும் சொல்லிக் கேட்டதை எழுதுவதாக அவர் சொல்கிறார். அடுப்படியில் நின்றவர்களிடம் கேட்டு எழுதிய நூல் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

ஐரோப்பாவுக்கு வந்தபோதும் முதலில் எழுத்தில் ஏறியது பீரங்கி இல்லை, பட்டாசு. 1267-இல் ரோஜர் பேக்கன் என்ற ஆங்கிலத் துறவி, கட்டைவிரல் அளவில் தோலில் மருந்து வைத்துச் சுற்றி வெடிக்கவிடும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைப் பற்றி எழுதுகிறார். பீரங்கியின் படம் ஐரோப்பிய ஏட்டில் வருவது 1326-இல்.

இந்தியாவுக்கு வருவோம். 1258-இல் ஹுலாகுவின் தூதர் டில்லிக்கு வந்தபோது மூவாயிரம் வண்டி வாணங்கள் கொளுத்தப்பட்டதாக வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்டா எழுதுகிறார். அவர் எழுதியது முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து. எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வரலாற்றாசிரியர் இக்திதார் ஆலம் கான், மங்கோலியர் வழியாக 13-ஆம் நூற்றாண்டிலேயே வெடிமருந்து வட இந்தியாவை எட்டியது என்று சான்றுகளை அடுக்கிக் காட்டியிருக்கிறார். தெற்கில் உறுதியான கண்சாட்சி 1443-இல் கிடைக்கிறது. பாரசீக மன்னர் ஷாருக்கின் தூதர் அப்துர் ரசாக் விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயரின் மகாநவமி விழாவைப் பார்த்துவிட்டு, அங்கே விடப்பட்ட வாணவேடிக்கைகளை விவரித்து மாளாது என்ற பொருளில் எழுதி வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அதற்குச் சற்றுப் பிந்தியது. ஒரிசாவை 1497 முதல் ஆண்ட கஜபதி பிரதாபருத்ரதேவன் பெயரில் ‘கௌதுகசிந்தாமணி’ என்றொரு சமஸ்கிருத நூல் இருக்கிறது. அதில் வாணங்கள் செய்யும் முறைகள் வருகின்றன. பூனாவின் பண்டார்கர் நிறுவனத்தில் இருந்த பி.கே. கோடே அதை ஆராய்ந்து எழுதினார். வெடியுப்பு, கந்தகம், இரும்புத்தூள், மூங்கில் குழல், எருக்கங்கரி என்று போகிறது பொருள் பட்டியல். எருக்கு சீனத்துச் செடி இல்லை. நம் தரிசுகளில், சாலையோரங்களில் தானாக முளைப்பது. சீனத்துச் செய்முறை 1400-ஐ ஒட்டி இங்கே வந்து, அங்கத்துப் பொருள்களுக்குப் பதில் இங்கத்துப் பொருள்களைச் சேர்த்து மாற்றப்பட்டது என்பது கோடேயின் முடிவு. எந்தக் கரி மெல்லியது, எது சட்டென்று பற்றும் என்று எரித்து எரித்துப் பார்த்த யாரோ ஒருவர்தான் எருக்கைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வாங்கிய அறிவு சொந்த அறிவாக மாறும் இடம் இதுதான்.

இந்த இடத்தில் சிலர் சுக்கிரநீதியைக் காட்டுவார்கள். வெடிமருந்து நம்மிடம் ஆதியிலேயே இருந்தது என்பார்கள். அந்த நூலின் இப்போதைய வடிவம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று லல்லன்ஜி கோபால் காட்டிவிட்டார். சீனத்தோடு தொடர்புபடுத்திப் போகரைச் சொல்லும் சித்தர் மரபும் நமக்கு உண்டு. அந்த மரபை நான் மதிக்கிறேன். ஆனால் ஆண்டு குறிக்க அது உதவாது. மேலும், பிறரிடம் வாங்கியதாகச் சொல்வதில் என்ன குறைவு? எண்களை நம்மிடம் வாங்கிய அரேபியர்கள் அவற்றை இந்திய எண்கள் என்றே எழுதினார்கள். வெடியுப்பைச் சீனப் பனி என்றும் அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

1409-ஆம் ஆண்டுக் கல் ஒன்று இலங்கையின் காலி நகரில் 1911-இல் கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நட்டது. ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். இந்துமாக்கடலில் பேச வேண்டியவர்கள் யார் யார் என்று சீன அரசு அன்று எண்ணியதை அந்தக் கல்லே சொல்கிறது. வெடியுப்பின் கதையிலும் அதே மூன்று பேர்தான்.

பிறகு அலை திரும்பியது. கங்கைச் சமவெளியின் மண்ணும் பருவநிலையும் வெடியுப்புக்கு வாய்த்தவை. பீகாரில் நூனியா சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக உப்பு மண்ணைக் காய்ச்சி எடுத்த வெடியுப்பை 17-ஆம் நூற்றாண்டிலிருந்து டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். ஐரோப்பாவின் போர்கள் அந்த உப்பில் நடந்தன. 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை விட்ட இரும்புக் குழல் ராக்கெட்டுகளைக் கண்டு கும்பினிப் படை கலங்கியது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின; வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தம் ராக்கெட்டை உருவாக்க, 1807-இல் கோபன்ஹேகன் நகரம் எரிந்தது.

நம் வட்டாரத்துக்கு இந்த அறிவு வந்து சேர்ந்ததும் பழைய முறைப்படிதான். சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. புத்தகம் வாங்கி வந்து தொடங்கவில்லை. தொழில் நடக்கும் இடத்துக்கே போனார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் மத்தாப்பும் பட்டாசும், இவற்றின் மேல் சுற்றவும் ஒட்டவும் வேண்டிய தாள்களுக்காக அச்சுத் தொழிலும் வந்தன. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றதும் தொழில் விரிந்தது. மழை குறைந்த கரிசல் பூமி, விவசாயம் கைவிட்ட குடும்பங்கள், ஈரமில்லாத காற்று: மூன்றும் சேர்ந்து இந்தத் தொழிலை இங்கே ஊன்றின.

இப்போது அந்தத் தாவோ எச்சரிக்கைக்கு வருகிறேன். செய்முறை வேகமாகப் பரவுகிறது. அதோடு சேர்ந்து வர வேண்டிய எச்சரிக்கை பின்தங்கிவிடுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே 1780-களில் பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டார். வெடியுப்புக்குப் பதிலாக அதைப் போட்டுப் பார்த்த 1788 சோதனையில், பாரிஸ் அருகே எஸ்ஸோனில், இருவர் இறந்தார்கள். கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த கலவை லேசான உரசலுக்கே பற்றும். இருந்தாலும் அது பளிச்சென்ற நிறம் தந்ததால் உலகெங்கும் பட்டாசுக்குள் நுழைந்தது. பிரிட்டன் அந்தக் கலவையை 1894-இல் தடை செய்தது. அப்போது நம்மை ஆண்டதும் அதே பிரிட்டன்தான். இந்தியாவில் அந்தத் தடை வந்தது 1992-இல். ஏறத்தாழ நூறு ஆண்டுகள். லண்டனில் தெரிந்த ஆபத்து இந்தியத் தொழிலாளிக்குச் சட்டமாக வர மூன்று தலைமுறை ஆனதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது, கதவருகே செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இவையும் அறிவுதான். வெடியுப்பைச் சாம்பலால் சுத்தம் செய்வதைவிட எந்த விதத்திலும் குறைந்த அறிவு இல்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் உயிர்கள் போயிருக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்த விதிகளை முதலாளியும் போர்மேனும் புதிதாக வேலைக்கு வரும் பெண்ணும் ஒரே அளவில் தெரிந்துகொள்ளாத வரை, சீனத்திலிருந்து கிளம்பிய அந்த அறிவு முழுவதுமாக இங்கே வந்து சேரவில்லை என்றுதான் நான் கணக்கு வைப்பேன்.

வெடியுப்பு பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவு. ஆனால் மருந்தைச் சுற்றத் தாள் வேண்டுமே. 751-இல் தலாஸ் ஆற்றங்கரையில் சீனரும் அரேபியரும் மோதிய போரையும், அதன் பின் சமர்கந்திலும் பாக்தாதிலும் காகிதம் செய்யப்பட்ட கதையையும், பனையோலையை விட்டு நம்மவர் காகிதத்துக்கு மாறத் தயங்கிய காரணங்களையும் அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.